என் வயிற்றைப் பற்றி நீ சொன்ன கதை

மகன்,

"அம்மாவுக்கு இப்ப கொஞ்சம் மறதி. ஆஸ்பத்திரியில கிடந்த அந்த வருத்தத்துக்குப் பிறகு அப்பிடித்தான்" என்று நீ மைக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி சொன்னாய். காலிமுகத்திடல் பக்கத்து அந்த ஹோட்டல் மண்டபத்தில் எல்லாருடைய முகமும் என் பக்கம் திரும்பியது. ஒரு முகத்திலும் கோபம் இருக்கவில்லை, இரக்கம்தான் இருந்தது. உன்னுடைய கம்பனியில் வேலை செய்யும் பிள்ளை ஒருத்தி ஓடிவந்து என் கையைப் பிடித்து, "அன்ரி, வாங்கோ, தண்ணி குடிப்பம்" என்று வெளியே கூட்டிக்கொண்டு போனாள். இந்த வயதுக்குள் நான் எத்தனையோ பேரிடம் எத்தனையோ விதமாக அவமானப்பட்டிருக்கிறேன். ஆனால் பாவம் பார்த்து என்னை ஒரு சபையிலிருந்து எழுப்பிக்கொண்டு போனது அன்றுதான். அதற்கு வழி செய்தவன் நான் பெற்ற பிள்ளை.

இதை உனக்கு மட்டும் எழுதியிருக்கலாம். அப்படி எழுதினால் நீ வாசித்துவிட்டு ஒரு இதயப் படத்தைப் பதிலுக்கு அனுப்புவாய், அவ்வளவுதான். என் வயிற்றை ஊர் நடுவில் வைத்துக் கதைத்தவன் நீ. என் மூளை குழம்பிவிட்டது என்று சொன்னதும் ஊர் நடுவில்தான். ஆகவே என் பதிலையும் ஊர் கேட்கட்டும். எனக்கு மறதி இல்லை, மகன். நடந்தது எல்லாம் வரிசையாக ஞாபகம் இருக்கிறது. மறந்துபோயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைக்கிற நாட்களும் இருக்கின்றன.

எல்லாம் ஒரு கடைவாய்ப் பல்லில் தொடங்கியது. தாடை வீங்கி, வாயைத் திறக்க முடியாமல் கிருலப்பனையில் ஒரு பல் டொக்டரிடம் போனேன். அவர் அன்டிபயோட்டிக் தந்தார். வீக்கம் வற்றவில்லை என்று பிறகு அதைவிடப் பலமானது ஒன்றைத் தந்தார். அவரில் நான் குறை சொல்லமாட்டேன். அந்த மருந்து இல்லையென்றால் தாடை எலும்புக்குள் சீழ் போயிருக்கும். பல் சுகமானது. ஆனால் வயிறு குழம்பியது. முதலில் வெளியில் சாப்பிட்ட ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தேன். பார்மசியில் கேட்டு, வயிற்றோட்டத்தை நிற்பாட்டுகிற குளிசை வாங்கிப் போட்டேன். அது செய்யக்கூடாத வேலை என்று பிறகுதான் தெரிந்தது. நாள் போகப்போகக் காய்ச்சல், வயிற்றுக்குள் முறுக்கிப் பிழிகிற நோ, ஒரு மிடறு தண்ணீர் குடித்தாலும் ஓடவேண்டிய நிலை. உனக்குப் போன் எடுத்தபோது, "அம்மா, இளநி குடியுங்கோ, நான் மீட்டிங்கில நிக்கிறன்" என்றாய். நீ மெல்பேர்னில் இருந்தாய். அதில் எனக்குக் கோபமில்லை. இளநீரும் குடித்தேன்.

நான் மயங்கி விழுந்த அன்று காலையில் பிலோமினா தற்செயலாகப் போன் எடுத்திருந்தாள். இதை வாசிக்கிறவர்களுக்கு அவளைத் தெரியாது என்பதால் சொல்கிறேன். கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் நானும் அவளும் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்து டைப் அடித்தவர்கள். அவள் கொட்டாஞ்சேனை, நான் வெள்ளவத்தை. அவள் கோயிலுக்கு மெழுகுதிரி கொளுத்தப் போகும்போது எனக்கும் ஒன்று கொளுத்துவாள், நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கும்போது அவளுக்கும் ஒன்று உடைப்பேன். என் குரலைக் கேட்டவுடனே அவள், "நீர் கதைக்கிற விதம் சரியில்லை. கதவைத் திறந்து வைச்சிட்டுப் படும், நாங்கள் வாறம்" என்றாள். நான் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பியதும் மயங்கி விழுந்துவிட்டேன். அவளும் புருஷன் அன்ரனும் ஓட்டோ பிடித்து வந்து சேர்ந்தபோது நான் கிடந்த கோலத்தை எழுத மாட்டேன். அன்று எங்கள் கட்டடத்தில் லிப்ட் வேலை செய்யவில்லை. அன்ரன் துறைமுகத்தில் பாரம் ஏற்றி இறக்கிய மனிதர், அப்போதே ஓய்வு எடுத்து வருடக்கணக்காகிவிட்டது. என்னைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, சேலையால் கட்டி, காவற்காரச் சிங்களப் பையனைக் கூப்பிட்டு, "மல்லி, மே பெத்த அல்லண்ட" என்று அவனிடம் மற்றப் பக்கத்தைப் பிடிக்கக் கொடுத்து, படி படியாகக் கீழே இறக்கினார். என் உடம்பிலிருந்து வழிந்தது அவருடைய சேட்டில் ஊறியது. "ஒண்டும் யோசியாதையுங்கோ தங்கச்சி, உப்புத்தண்ணியும் மீனும் பட்ட சேட்டுத்தான்" என்றார். இந்தக் காட்சியை நீ நன்றாக மனதில் வைத்திரு, மகன். இந்த மனிதரைப் பற்றி நான் இன்னும் சொல்லப்போகிறேன்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த டொக்டர் மலைநாட்டில் ஹட்டன் பக்கத்துப் பிள்ளை. உன்னைவிட வயது குறைவாக இருக்கும். எனக்குக் கொஞ்சம் தெளிவு வந்தபோது கட்டிலில் வந்து உட்கார்ந்து சொன்னாள்.

"அம்மா, நம்ம குடலுக்குள்ள கோடிக்கணக்குல பக்டீரியா குடியிருக்கு. பெரும்பாலும் நமக்கு உதவிதான். நம்மளால செரிக்க முடியாத நாரை அதுங்கதான் உடைக்குது. சில விற்றமின் செய்யுது. கெட்டது ஏதும் உள்ள வந்தா எடங்குடுக்காம நிக்குது. பல்லுக்குக் குடுத்த மருந்து பல்லுல இருந்த கிருமியையும் கொன்னுச்சு, இதுங்களையும் கொன்னுருச்சு. இப்ப ஒங்க குடல் ஆளில்லாத வீடு மாதிரி. அந்த நேரம் பாத்து ஒரு கெட்ட பக்டீரியா உள்ள பூந்து குடும்பம் நடத்துது. அது விடுற நஞ்சுலதான் குடல் வீங்கிப்போயிருக்கு."

எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் ஓடி, முகாமிலிருந்து திரும்பி வந்து, சொந்தக் குசினியில் வேறு யாரோ சமைத்த சட்டியைக் கண்டவள் நான். ஆளில்லாத வீட்டுக்கு என்ன நடக்கும் என்று வெள்ளவத்தையில் என் வயதுக்காரர் ஒருவருக்கும் படிப்பிக்கத் தேவையில்லை.

அந்தக் கெட்ட பக்டீரியாவைக் கொல்லத் தனியாக ஒரு மருந்து தந்தார்கள். நீரிழந்து சிறுநீரகமும் தளர்ந்திருந்ததால் கழுத்து நரம்பில் குழாய் போட்டார்கள். பிலோமினா என் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தாள். முகம் சுளிக்காமல் என்னைக் கழுவினாள், உடுப்பு மாற்றினாள், ஜெபமாலை சொன்னாள். நீ வந்தாய். அதை நான் மறைக்கமாட்டேன். வேலையைப் போட்டுவிட்டு விமானம் ஏறி வந்தாய். என் காலைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதாய். அந்த அழுகை உண்மையானது. இன்றைக்கும் அதை நான் சந்தேகப்படவில்லை. அதனால்தான் பிறகு நடந்தவை எனக்கு இவ்வளவு கசக்கின்றன.

அழுது முடித்துவிட்டு, குளிர்ப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த ஒரு போத்தலை எடுத்தாய். நீயும் உன் கூட்டாளியும் செய்யத் தொடங்கியிருந்த புரோபயோட்டிக் குளிசை. நல்ல பக்டீரியாவைத் திரும்பக் குடியேற்றும் என்றாய். டொக்டர் போத்தலை வாங்கி, அதில் எழுதியிருந்ததை முழுவதும் வாசித்தாள். பிறகு மரியாதையாகத்தான் சொன்னாள்:

"சார், இதுல உயிரோட உள்ள நுண்ணுயிர் இருக்கு. நல்லா இருக்கிற ஆளுக்குப் பெரிய கெடுதி இல்ல. ஆனா அம்மாவுக்குக் கழுத்துல குழாய் போட்டிருக்கு, ஒடம்புல எதிர்ப்பு சக்தியும் இல்ல. இது ரத்தத்துக்குள்ள போச்சுன்னா அதுவே ஒரு வருத்தமாயிரும். இந்த வோர்டுல மூடியைக்கூடத் தெறக்க வேணாம்."

நீ ஆங்கிலத்தில் அவளுடன் வாதாடினாய். மருந்துக் கம்பனிகளின் பாடத்தைப் படித்துவிட்டுக் கதைக்கிறாள் என்றாய். அவள் போத்தலைத் திருப்பித் தந்துவிட்டுப் போனாள். நீ அதை என் கையில் வைத்து, "அம்மா, ஒருக்காச் சிரியுங்கோ" என்று போனில் படம் எடுத்தாய். பிள்ளைக்குத் திருப்தியாக இருக்கட்டும் என்று நான் சிரித்தேன். அந்தப் போத்தல் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் மூடி திறக்காமலே கிடந்து, காலம் முடிந்து குப்பைக்குப் போனது. என்னைச் சுகமாக்கியது டொக்டர் தந்த மருந்தும், பிலோமினாவின் கையும், பொறுமையும். வீட்டுக்கு வந்த பிறகும் மாதக்கணக்கில் குடல் என் சொல் கேட்கவில்லை. குழைந்த சோறு, அவித்த கரட், வாழைப்பழம், பிறகு பருப்பு, பிறகு கீரை என்று மெல்ல மெல்லத்தான் வந்தேன். தயிரும் சாப்பிட்டேன், எனக்குத் தயிர் பிடிக்கும் என்பதால்.

கிளினிக்குக்குப் போன ஒரு நாள், உனக்காகத்தான், அந்த டொக்டரிடம் கேட்டேன்: "அப்ப இந்தப் புரோபயோட்டிக் எல்லாம் பொய்யோ?"

"பொய்யில்லம்மா. சில வகை, சில பேருக்கு, சில வருத்தத்துக்கு ஒதவலாம். அன்டிபயோட்டிக் எடுக்கிற சிலருக்கு வயித்தோட்டம் வராமக் காக்கலாம்னு சொல்றாங்க. எந்த வகை, யாருக்கு, எப்பங்கிறதுதான் கேள்வி. குடலுக்கும் ஒடம்புக்கும், ஏன் மனசுக்கும்கூட, தொடர்பு இருக்கு. அதை இப்பத்தான் ஒவ்வொண்ணாக் கண்டுபிடிக்கிறாங்க. எல்லாருக்கும் எல்லாத்துக்கும் இதுதான் மருந்துன்னு யாராச்சும் சொன்னா, அவங்ககிட்டருந்து தள்ளி நில்லுங்க."

அவள் யாரை நினைத்துச் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. நான் உன்னை நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் உன் வீடியோ வந்தது. வெள்ளைச் சேட்டுப் போட்டு, பின்னால் ஒரு மண்சட்டி வைத்து, நீ அழகாகத்தான் இருந்தாய். "டொக்டர்கள் கைவிட்ட என் அம்மா" என்று தொடங்கினாய். என் படம் வந்தது. கையில் போத்தல், முகத்தில் சிரிப்பு, கழுத்துக் குழாயை மட்டும் வெட்டியிருந்தாய். உன் அம்மம்மா கிராமத்தில் விடிய எழும்பிப் பழஞ்சோறு பிசைந்து தந்ததாகவும், அந்த ஞானத்தை நீ குளிசைக்குள் அடைத்திருப்பதாகவும் சொன்னாய். உன் அம்மம்மா கொட்டாஞ்சேனையில் பிறந்து, தந்திக் கந்தோரில் வேலை செய்து, காலையில் பாணும் ஜாமும் சாப்பிட்டவள். பழஞ்சோற்று மணம் அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது. அதை நினைத்துச் சிரிக்கத்தான் எனக்கு முதலில் வந்தது. கடைசியில் நீ, "இரசாயனக் குளிசைகளைத் தூக்கி எறியுங்கள், உங்கள் குடல் தன்னைத்தானே குணமாக்கும்" என்றாய். அப்போது சிரிப்பு நின்றுவிட்டது. உனக்கு உடனே போன் எடுத்தேன்.

"நான் அந்தக் குளிசையைத் தொடவே இல்லையே, மகன்" என்றேன்.

"அம்மா, அது ஒரு கதைதானே. ஆக்களுக்கு டேட்டா விளங்காது, கதைதான் வேணும். சயன்ஸ் சரி, அதுதான் முக்கியம்."

"கதை எண்டால் அதில ஏன் என்ர படம்?"

"சரி, பாப்பம் அம்மா" என்றாய். ஒன்றும் பார்க்கவில்லை.

இப்போது இல்லாத உன் அப்பாவை நினைத்தேன். புதுக்கடை நீதிமன்றத்தில் முப்பது வருடத்துக்கு மேல் மொழிபெயர்ப்பாளராக நின்றவர். ஒருமுறை ஒரு கொலை வழக்கில், கறுத்தச் சேட்டுக்காரனைக் கண்டதாக "நினைக்கிறன்" என்று சாட்சி சொன்னானாம். அப்பாவும் அப்படியே சிங்களத்தில் சொன்னார். இடைவேளையில் பெரிய வக்கீல் ஒருவர் அப்பாவைத் தனியே கூப்பிட்டு, "நினைக்கிறன் எண்ட சொல்லு தேவையோ ஐசே? அவன் கண்டவன்தானே" என்று கேட்டாராம். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் இருந்தார். நீ பக்கத்தில் இருந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாய். "நினைக்கிறன் எண்டவனைத் தெரியும் எண்டவனா மாத்தினால், ஒரு ஆளைத் தூக்கில போடலாம்" என்று அவர் சொன்னது உனக்கும் கேட்டிருக்கும். அந்த டொக்டர் சொன்ன "உதவலாம்" என்ற சொல்லை நீ "குணமாக்கும்" என்று மாற்றினாய். ஒரு சொல்தான்.

அன்ரனுக்குப் பெருங்குடலில் புண் வரும் நோய் இருந்தது. கிருமியால் வருவதல்ல. உடம்பே தன் குடலைப் புண்ணாக்கிக்கொள்ளும். அவர் தினமும் எடுத்த குளிசை அதை அடக்கி வைத்திருந்தது. அந்தக் குளிசையால் தலையிடி, கிளினிக் வரிசையில் நிற்கிற அலுப்பு, இனி வாழ்நாள் முழுக்க இதுதானா என்ற சலிப்பு எல்லாம் அவருக்கு இருந்தன. உன் வீடியோவை அவருக்கு யாரோ காட்டியிருக்கிறார்கள். வேறு யாருடைய வீடியோவாக இருந்தாலும் அவர் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார். இதுவோ, தான் தூக்கிக்கொண்டு போன தங்கச்சியின் மகனுடையது. படத்தில் இருப்பது தன் கண்ணால் கண்ட நோயாளி. இந்த நிலையில் கிடந்தவளே எழும்பிவிட்டாள் என்றால் தனக்கு ஏன் சரிவராது என்று நினைத்தார். கடையில் போய் உன் குளிசையை வாங்கினார். பழைய குளிசையை நிற்பாட்டினார். பிலோமினாவுக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், வோர்டில் அந்தப் போத்தலின் மூடியே திறக்கவில்லை என்று அவள் சொல்லியிருப்பாள்.

இரத்தம் போகத் தொடங்கியபோது அவர் உனக்கு வட்ஸ்அப்பில் எழுதினார். அதுவும் எனக்கு அப்போது தெரியாது. பிலோமினா பல நாட்களாகப் போன் எடுக்கவில்லை. நான் எடுத்தாலும் இரண்டு சொல்லில் வைத்துவிடுவாள். பிறகு வேறு ஒருவர் சொல்லித்தான் அன்ரன் ஆஸ்பத்திரியில் என்று அறிந்து ஓடினேன். வோர்டுக்கு வெளியே வாங்கில் இருந்தாள். என்னைக் கண்டு எழும்பவில்லை. பக்கத்தில் போய் இருந்தேன்.

"என்ன நடந்தது? ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவள் போனை எடுத்து எதையோ அமத்தினாள். உன் குரல் வந்தது. அன்பான, இனிமையான குரல். நான் காய்ச்சலில் கிடக்கும்போது கதைக்கிற அதே குரல். "அங்கிள், பயப்படாதையுங்கோ. உடம்பு கழிவை வெளியேத்துது. முதல்ல கூடும், பிறகு குறையும். விடாமல் எடுங்கோ, நான் இருக்கிறன்."

போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "பெருங்குடலை வெட்டி எடுத்திட்டாங்கள். இனி வயித்தில பை கட்டித்தான். உம்மட மகன் 'நான் இருக்கிறன்' எண்டவர். எங்க இருக்கிறார்?"

அவள் கையைத் தொடப் போனேன். மெதுவாக எடுத்துக்கொண்டாள். என் அழுக்கைக் கழுவிய கை அது.

அன்றே உனக்குப் போன் எடுத்துச் சொன்னேன். முதலில் நீ பேசாமல் இருந்தாய். உனக்கும் நெஞ்சு உறைந்துவிட்டது என்று நினைத்து எனக்கு ஒரு ஆறுதல்கூட வந்தது. பிறகு, "நான் அவரை மருந்து நிப்பாட்டச் சொல்லேல்லையே அம்மா. அவர் என்னட்டக் கேக்காமல் நிப்பாட்டினவர். எழுத்தில இருக்கு, டொக்டரைக் கேளுங்கோ எண்டு போத்தலில சின்னதாப் போட்டிருக்கிறம்" என்றாய். சின்னதாக என்று நீயே சொன்னாய். அன்ரனைப் பார்க்கப் போவாயா என்று கேட்டேன். வக்கீலுடன் கதைத்துவிட்டுச் சொல்கிறேன் என்றாய். குடலில் வாழ்கிற பக்டீரியா பற்றி நீ பல்கலைக்கழகத்தில் படித்தவன். இரத்தம் போவது கழிவு போவதல்ல என்று உனக்குத் தெரியும். தெரியாமல் சொல்லியிருந்தால் நான் மன்னித்திருப்பேன். தெரிந்து சொன்னாயே, அதுதான் எனக்கு இன்றுவரை செமிக்கவில்லை.

பிறகு கொழும்பில் பெரிய அளவில் அறிமுகவிழா என்று வந்தாய். வீட்டில் தங்கவில்லை, ஹோட்டலில் தங்கினாய். எனக்கு ஒரு பட்டுச்சேலை அனுப்பி, மேடையில் வந்து, "என் மகனின் குளிசையால்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்" என்று மட்டும் சொன்னால் போதும் என்றாய். விழாவுக்கு முதல் உன்னுடன் தனியே கதைக்கவேண்டும் என்று கேட்டேன். நேரமில்லை என்றாய். சேலையைக் கட்டாமல் என் பழைய நூற்சேலையைக் கட்டிக்கொண்டு வந்தேன். வரும் வழியில் ஓட்டோவுக்குள் இருந்து, மேடைக்குப் போகாமல் கீழேயே இருந்துவிடுவோம், பிள்ளையின் நாளைக் கெடுக்கக்கூடாது என்றுதான் நினைத்தேன். உண்மையாக அப்படித்தான் நினைத்தேன். ஆனால் என் படம் சுவர் அளவுக்குப் பெரிதாக வந்தது. நீ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாய். முன்வரிசையில் ஒரு இளம் தாய் மடியில் மெலிந்த பிள்ளையை வைத்துக்கொண்டு கண் வெட்டாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மேடைக்கு ஏறினேன்.

"இந்தப் படத்தில இருக்கிறது நான்தான். ஆனா இந்தக் குளிசையை நான் ஒருநாளும் குடிக்கேல்லை. என்னைச் சுகமாக்கினது ஆஸ்பத்திரி மருந்து. நீங்கள் டொக்டர் தந்த மருந்து ஏதும் எடுத்தால், தயவுசெய்து நிப்பாட்டாதையுங்கோ. நிப்பாட்டின ஒராள்..."

அவ்வளவுதான் சொன்னேன். நீ என் தோளில் கையைப் போட்டு, மைக்கை என் கையிலிருந்து மெல்லக் கழற்றினாய். கழற்றும்போது என்னைப் பார்க்கவில்லை. சபையைப் பார்த்துச் சிரித்தாய். பிறகு அந்த மறதிக் கதையைச் சொன்னாய். சபை இரக்கத்தோடு கைதட்டியது. என் மகன் எவ்வளவு பொறுமைசாலி என்று ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னதுகூட எனக்குக் கேட்டது.

வெளியே அந்தப் பிள்ளை தந்த தண்ணீரைக் குடித்தேன். பிறகு தனியே ஓட்டோ பிடித்து, காலி வீதியால் வீட்டுக்கு வந்தேன். நீ வரவில்லை. போன் எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து நீ விமானம் ஏறிவிட்டாய் என்று பார்மசிக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் உன் குளிசையை விற்கிறவர். என்னைக் கண்டதும், "அம்மா, மருந்தெல்லாம் நேரத்துக்கு எடுக்கிறீங்கதானே, மறக்காதீங்க" என்று சத்தமாக, ஆறுதலாகச் சொன்னார். இனி இந்தத் தெருவில் நான் எதைச் சொன்னாலும் அது மறதிக்காரி சொன்னதுதான்.

உனக்கு என்ன சொல்லித் தரலாம் என்று யோசித்துப் பார்க்கிறேன். உன் வயதில் யாரும் தாயிடம் பாடம் கேட்பதில்லை. ஆனாலும் சொல்கிறேன். குடலுக்குள் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் நம் உடம்பை நடத்துகின்றன என்று நீ சொல்வதை நான் மறுக்கவில்லை. அந்த உண்மையை என் உடம்பால் அறிந்தவள் நான். அவை அழிந்தபோது என்ன நடந்தது என்று எனக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். அந்த உண்மையை உண்மையாகவே சொல்லு, அது போதும். இது யாருக்கு உதவும் என்று தெரியும், யாருக்கு உதவாது என்று தெரியும், யாருக்கு என்று இன்னும் தெரியாது, இவ்வளவையும் சொல்லிவிட்டு விற்க முடியுமென்றால் வில். விற்க முடியாதென்றால் அது உன் குளிசையின் குறை, என் வயிற்றின் குறையல்ல. அந்த வீடியோவை எடுத்துவிடு. என் படத்தை எடுத்துவிடு. அன்ரனிடம் வந்து, வக்கீல் இல்லாமல், அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் இரு. என்ன சொல்வது என்று தெரியாவிட்டால் ஒன்றும் சொல்லாதே. சும்மா இரு. நான் செத்த பிறகு வந்து அழுவதைவிட அது எனக்குப் பெரிது.

போன ஞாயிற்றுக்கிழமை நான் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கோட்டையில் பஸ் மாறி, மிச்சத்தை நடந்து போய்க் கதவைத் தட்டினேன். பிலோமினா கதவைத் திறந்து, என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு வழிவிட்டாள். விழாவில் நான் சொன்னதும் நீ சொன்னதும் அவளுக்கு யார் மூலமோ வந்திருந்தது. "உமக்கு மறதியாமே" என்றாள். "ஓம், உம்மட வீட்டுப் பாதையை மட்டும் மறக்கேல்லை" என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஆனால் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அன்ரன் சாய்மனைக் கதிரையில் இருந்தார். அந்தத் தோள்கள் வற்றிப்போய்விட்டன. சாரத்துக்கு மேலே சேட்டுக்குள் அந்தப் பை புடைத்துத் தெரிந்தது. அது தெரியக்கூடாதென்று ஒரு துவாயை மடியில் போட்டிருந்தார். என்ன மன்னிப்பைக் கேட்பது, யார் சார்பில் கேட்பது என்று தெரியாமல் நான் இருந்தேன். துறைமுகத்தைப் பற்றி, மழையைப் பற்றி, மீன் விலையைப் பற்றி அவரே கதைத்தார். உன்னைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. நான் எழும்பும்போதுதான் கேட்டார்.

"பெடியன் சுகமாப் போய்ச் சேர்ந்திட்டானோ, தங்கச்சி?"

நீ போய்ச் சேர்ந்ததை எனக்குச் சொல்லவில்லை, மகன். இதை எழுதும் இந்த நிமிடம்வரை சொல்லவில்லை. பிலோமினா கதவடியில் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம். சேர்ந்தவுடனேயே போன் எடுத்துச் சொன்னவன். உங்களையும் சுகம் விசாரிச்சவன்" என்றேன்.

இவ்வளவு கதையிலும் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

அம்மா